முத்தத்தில் நோய் வருமா?

முத்தம் கொடுத்தால் நோய் வருமா?

இந்தக் கேள்வியை யாரும் உரக்கக் கேட்பதில்லை. அப்பாவிடம் கேட்க முடியாது. அம்மாவிடம் கேட்கவே முடியாது. ஊர் டாக்டரிடம் கேட்கலாம் என்றால், அவர் மாமாவுக்குத் தெரிந்தவர். ஆகவே கேள்வி மனதுக்குள்ளேயே கிடக்கிறது. கிடந்து வளர்கிறது.

ஒரு வாலிபர் என்று வைத்துக் கொள்வோம். நாகர்கோவில் பக்கம் ஊர். வேலை வெளியூரில். கல்யாணம் நிச்சயமாகி இருக்கிறது. எப்போதோ ஒரு நாள் ஒரு பெண்ணுக்கு முத்தம் கொடுத்து விட்டார். நடந்தது அவ்வளவுதான்.

மறுவாரம் தொண்டையில் லேசான வலி. கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பார்க்கிறார். நாக்கின் பின்பக்கத்தில் சிறு சிறு மொட்டுகள் தெரிகின்றன. அவை சுவை மொட்டுகள். எல்லோருடைய நாக்கிலும் இருப்பவை. அவர் அதற்கு முன் ஒரு நாளும் தம் நாக்கை அப்படி உற்றுப் பார்த்ததில்லை. அன்று இரவு தூக்கம் போய் விட்டது. சோறு இறங்கவில்லை. உடம்பு மெலிந்தது. மெலிந்ததைக் கண்டு பயம் இன்னும் கூடியது.

பயத்தால் மெலிந்தார். மெலிவை நோய் என்று நினைத்தார்.

இப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பெண்களிலும் இருக்கிறார்கள். வெளியே தெரிவதில்லை.

பதிலை முதலிலேயே சொல்லி விடலாம்.

எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமி முத்தத்தால் பரவுவதில்லை. பால்வினை நோய்கள் பலவும் அப்படித்தான். இரண்டொரு நோய்கள் மட்டும் முத்தத்தால் பரவக் கூடும். அவற்றில் ஒன்று, யாரும் பயப்படாத இடத்தில் இருக்கிறது. அதைப் பிறகு பார்க்கலாம்.

எச்சில் என்ற சொல்

தமிழில் 'எச்சில்' என்ற சொல்லுக்குக் கனம் அதிகம்.

வாயில் ஊறும் நீரும் எச்சில்தான். ஒருவர் தின்று மீதி வைத்ததும் எச்சில்தான். சாப்பிட்டு முடித்த இலை எச்சில் இலை. தொட்ட கை எச்சில் கை. ஒரே சொல்லில் நீரும் அடங்கும், அசுத்தமும் அடங்கும்.

நாஞ்சில் நாட்டில் திண்ணையில் வந்து உட்கார்ந்தவருக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தால், பழைய மனிதர்கள் செம்பை உதட்டில் வைக்க மாட்டார்கள். அண்ணாந்து, வாயில் ஊற்றிக் குடிப்பார்கள். ஒரு சொட்டு சட்டையில் விழாது. அது ஒரு கைத்திறமை.

நல்ல பழக்கம்தான். குற்றம் சொல்வதற்கு இல்லை. ஆனால், கெட்டதெல்லாம் எச்சில் வழியாகத்தான் வரும் என்ற எண்ணமும் அதோடு சேர்ந்து வந்து விட்டது.

எய்ட்ஸ் என்ற சொல் ஊருக்குள் வந்தபோது, ஜனங்கள் அந்தப் பழைய எண்ணத்தைத்தான் அதன் மேல் போட்டார்கள். நோயாளிக்குத் தனித் தட்டு வைத்தார்கள். தனி டம்ளர் வைத்தார்கள். துணியைத் தனியாகத் துவைத்தார்கள். சில வீடுகளில் தாயே தன் பிள்ளைக்கு முத்தம் கொடுப்பதை நிறுத்தி விட்டாள். தன்னால் பிள்ளைக்கு வந்து விடுமோ என்ற பயம் அவளுக்கு. பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. அம்மா ஏன் கிட்டே வர விடுவதில்லை என்று மட்டும் அது பார்த்துக் கொண்டிருக்கும்.

அதே வீட்டில் வேறொரு காட்சியும் உண்டு. புதிதாகப் பிறந்த குழந்தையைப் பார்க்க மாமி வருவாள், சித்தி வருவாள், மயினி வருவாள், பக்கத்து வீட்டுப் பாட்டியும் வருவாள். "ஒரு உம்மா தா மக்களே" என்று குழந்தையை வாங்கி ஆளுக்கு ஒரு முத்தம். கன்னத்தில் அல்ல, வாயில்! அப்போது எச்சில் ஞாபகம் யாருக்கும் வருவதில்லை.

பயப்பட வேண்டாத இடத்தில் பயம். கவனம் வேண்டிய இடத்தில் அலட்சியம்.

ஹாலிவுட்டில் கிளம்பிய பீதி

முத்தத்தைக் கண்டு பயந்தது தமிழர்கள் மட்டும் அல்ல. அமெரிக்காவே ஒரு சமயம் நடுங்கியது.

பழைய தமிழ் சினிமாவில் காதலனும் காதலியும் நெருங்கினால் இரண்டு பூக்கள் உரசிக் கொள்ளும். காமிரா வேறு பக்கம் திரும்பி விடும். ஹாலிவுட்டில் அப்படி அல்ல. அங்கே முத்தம் என்பது நடிகர்களின் தொழிலில் ஒரு பகுதி.

ராக் ஹட்சன் அங்கே பெரிய நட்சத்திரம். 'டைனஸ்டி' என்ற டெலிவிஷன் தொடரில் நடிகை லிண்டா இவான்சுக்கு அவர் முத்தம் கொடுக்கும் காட்சி 1985 தொடக்கத்தில் ஒளிபரப்பானது. அதே வருஷம் ஜூலை மாதம், ராக் ஹட்சனுக்கு எய்ட்ஸ் என்ற செய்தி வெளியானது. அக்டோபர் 2ஆம் தேதி அவர் இறந்து போனார். வயது 59.

பத்திரிகைகளுக்குக் கேட்க வேண்டுமா! லிண்டா இவான்ஸின் கதி என்ன என்பதே பேச்சாகி விட்டது. நடிகர்கள் சங்கம் அந்த அக்டோபரிலேயே ஓர் அறிவிப்பு விட்டது. வாய் திறந்து முத்தம் கொடுக்கும் காட்சி இருந்தால், அதை நடிகர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம்.

பயத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. அதற்கு முந்தின வருஷம்தான், நோயாளியின் எச்சிலில் அந்தக் கிருமி இருப்பதை விஞ்ஞானிகள் கண்டிருந்தார்கள். எச்சிலில் கிருமி இருக்கிறது என்றால் முத்தத்தில் பரவும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

லிண்டா இவான்சுக்கு நோய் வரவில்லை.

ஏன் வரவில்லை?

எச்.ஐ.வி. கிருமி மனித உடம்பில் நுழைய வேண்டுமானால் அதற்கு இரண்டு வேண்டும். ஒன்று, போதிய அளவு கிருமி. மற்றொன்று, ரத்தத்துக்குள் போக ஒரு வழி.

எச்சிலில் கிருமி மிகவும் சொற்பம். அது மட்டும் அல்ல. எச்சிலில் உப்புச் சத்து ரத்தத்தைவிடக் குறைவு. ஆகவே கிருமியைச் சுமந்து வரும் அணுக்கள் எச்சிலில் விழுந்ததும் நீரை உறிஞ்சி உப்பி உடைந்து போகின்றன. கிருமியை மடக்கும் புரதங்களும் எச்சிலில் இருக்கின்றன. அசுத்தம் என்று பெயர் வாங்கிய எச்சில், இந்த ஒரு விஷயத்தில் காவல்காரன் வேலை பார்க்கிறது.

கிருமி உண்மையில் போகும் வழிகள் வேறு. ஆணுறை இல்லாத உடலுறவு ஒன்று. கிருமி உள்ள ரத்தம், பலருக்கும் ஒரே ஊசி, இது மற்றொன்று. கர்ப்பத்திலும் பிரசவத்திலும் தாய்ப்பாலிலும் தாயிடம் இருந்து பிள்ளைக்குப் போவது இன்னொன்று. இதோடு சரி. தட்டில் வராது. டம்ளரில் வராது. கொசுவால் வராது. ஒரே கட்டிலில் படுத்துத் தூங்குவதால் வராது.

விதிவிலக்கே கிடையாதா என்று கேட்கலாம். 1997இல் அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் ஒரு ஜோடியைப் பற்றி அறிவித்தது. ஆணுக்குக் கிருமி இருந்தது. பிறகு பெண்ணுக்கும் வந்தது. இருவருக்கும் ஈறு கெட்டுப் போயிருந்தது. ஆணுக்கு ஈறில் இருந்து ரத்தம் கசிந்து கொண்டிருந்தது. வாயோடு வாய் வைத்த ஆழ்ந்த முத்தத்தில், அந்த ரத்தத்தால் பரவி இருக்கலாம் என்று டாக்டர்கள் கருதினார்கள். அங்கேயும் சந்தேகம் ரத்தத்தின் மேல்தான். எச்சிலின் மேல் அல்ல. உலகம் முழுவதும் கோடிக்கணக்கானவர்களைத் தொற்றிய ஒரு நோயில், முத்தம் என்றதும் டாக்டர்கள் எடுத்துக் காட்டுவது அந்த ஒரு ஜோடியைத்தான்.

வீட்டு ஐஸ் பெட்டியில் ரத்தம்

இந்தியாவில் இந்தக் கிருமி முதலில் கண்டுபிடிக்கப்பட்டது தமிழ்நாட்டில்தான். வருஷம் 1986.

சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் பேராசிரியை. அவரிடம் படித்த மாணவி டாக்டர் நிர்மலா. பேராசிரியை சொன்னபடி மாணவி ரத்தம் சேகரிக்கப் போனார். சேகரித்த ரத்தத்தைப் பத்திரமாக வைக்கச் சரியான வசதி இல்லை. ஆகவே தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்தார். பிறகு ஐஸ் வைத்த பெட்டியில் எடுத்துக் கொண்டு, கணவருடன் ரயில் ஏறி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே நடந்த சோதனையில்தான் கிருமி இருப்பது தெரிந்தது.

ஒரு வீடு. அந்த வீட்டு ஐஸ் பெட்டியில் கிருமி உள்ள ரத்தம். அந்த டாக்டர் அம்மாள் பயந்து ஓடவில்லை. கிருமி எந்த வழியாகப் போகும், எந்த வழியாகப் போகாது என்று அவர் படித்திருந்தார். படிப்புக்கும் பயத்துக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான்.

பேராசிரியர் கொடுத்த முத்தம்

1987இல் இங்கிலாந்து இளவரசி டயானா, லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் எய்ட்ஸ் நோயாளியோடு கையுறை போடாமல் கை குலுக்கினார். அந்தப் படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. ஆனால் கை குலுக்குவது வேறு. முத்தம் வேறு. முத்தத்தைப் பற்றிய பயம் அப்போதும் போகவில்லை.

அதைப் போக்க ஒரு பேராசிரியர் முன்வந்தார். இத்தாலி நாட்டுக்காரர். பெயர் பெர்னாண்டோ அயூட்டி. நோய் எதிர்ப்புச் சக்தி பற்றிய துறையில் நிபுணர். 1991 டிசம்பரில், சர்தீனியா தீவில் உள்ள காக்லியாரி நகரத்தில் ஒரு கூட்டம். அங்கே ரோசாரியா இயார்தினோ என்ற இளம் பெண்ணும் வந்திருந்தார். அவருக்கு எச்.ஐ.வி. இருந்தது. அதை மறைக்காமல் வெளியே சொல்லிப் போராடி வந்தவர் அவர்.

பேராசிரியர், புகைப்படக்காரர்களின் முன்னிலையில், அந்தப் பெண்ணின் வாயில் முத்தம் கொடுத்தார்!

தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் காட்சி கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். இத்தாலியிலும் எல்லோரும் கை தட்டி விடவில்லை. ஆனால் அவர் செய்ததை வேறு விதமாகச் செய்திருக்க முடியுமா என்று யோசித்தால், முடியாது என்றுதான் தோன்றுகிறது. ஆயிரம் துண்டுப் பிரசுரம் சொல்லாததை அந்த ஒரு படம் சொல்லியது. கிருமியைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஒருவர், தம் உடம்பையே பணயம் வைத்துச் சொன்ன பதில் அது. 

பேராசிரியருக்கு எச்.ஐ.வி. வரவில்லை. அதன் பிறகு 27 வருஷம் உயிரோடு இருந்தார். 2019இல் காலமானார்.

கொல்லத்தில் இரண்டு குழந்தைகள்

இத்தாலி தூரம். கொல்லம் பக்கம். 

நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை திருவிதாங்கூரோடு இருந்த மண். இன்றும் நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரத்துக்கு நாள்தோறும் பஸ்ஸும் ரயிலும் நிறைந்து போகின்றன. திருவனந்தபுரத்தைத் தாண்டினால் கொல்லம்.

அந்தக் கொல்லம் மாவட்டத்தில் ஒரு குடும்பம். தாய் தகப்பன் இருவரும் இறந்து விட்டார்கள். மிஞ்சியது இரண்டு சிறு குழந்தைகள். இரண்டு பேருக்கும் எச்.ஐ.வி. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் எதிர்த்தார்கள். "எங்கள் பிள்ளைகளோடு அவர்களை உட்கார வைக்கக் கூடாது" என்றார்கள். குழந்தைகள் வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

எழுத்துப் படித்த மாநிலம் கேரளம். அங்கேயே இந்த நிலைமை.

2003இல் மத்திய சுகாதார மந்திரியாக இருந்த சுஷ்மா ஸ்வராஜ் கேரளம் வந்தார். எல்லோரும் பார்க்க அந்த இரண்டு குழந்தைகளையும் கட்டி அணைத்துக் கொண்டார். மந்திரிகள் எத்தனையோ விழாவுக்கு வருகிறார்கள், நாடா வெட்டுகிறார்கள், போகிறார்கள். பிறகு யாருக்கும் நினைவு இருப்பதில்லை. இந்த ஒன்றை மட்டும் ஜனங்கள் மறக்கவில்லை. 2019இல் அவர் காலமானபோது, பத்திரிகைகள் அந்த அணைப்பைத்தான் திரும்பவும் எழுதின.

ஆனால் ஓர் அணைப்பில் ஊர் மாறி விடாது. ஒதுக்கி வைக்கும் வழக்கத்தை நிறுத்த ஒரு சட்டமே தேவைப்பட்டது. 2017இல் பார்லிமெண்டில் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக ஒருவரைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காமல் விடக் கூடாது. வேலையில் இருந்து நீக்கக் கூடாது. வாடகை வீட்டில் இருந்து விரட்டக் கூடாது. ஆஸ்பத்திரியில் சிகிச்சை மறுக்கக் கூடாது. அந்தச் சட்டம் சொல்வது இதுதான்.

வீட்டுக்குள் தனித் தட்டு வைப்பதைச் சட்டத்தால் தடுக்க முடியாது. அது வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டிய காரியம்.

இப்போது நல்ல மருந்துகள் வந்து விட்டன. 2004 முதல் சர்க்கார் இலவசமாகவே கொடுக்கிறது. நாள் தவறாமல் மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி சோதனைக்கே அகப்படாத அளவுக்குக் குறைந்து விட்டால், அவரிடம் இருந்து கணவனுக்கோ மனைவிக்கோ உடலுறவின் மூலம்கூட நோய் பரவுவதில்லை என்று பெரிய ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. உறவிலேயே பரவாது என்றால், முத்தத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? தாய்க்கும் அப்படித்தான். மருந்து இல்லாவிட்டால் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரை கிருமியோடு வரும். உரிய காலத்தில் மருந்து சாப்பிட்டால் அது 5க்கும் கீழே போய் விடும். அந்தத் தாய் தன் பிள்ளையைத் தாராளமாகக் கொஞ்சலாம்.

முத்தத்தில் பரவுவது எது?

இனி, கவனம் வேண்டிய இடம்.

உதட்டு ஓரத்தில் சிலருக்குச் சிறு சிறு கொப்புளங்கள் கொத்தாக வரும். காய்ச்சல் அடித்து விட்டபின் வரும். எரியும். உடைந்து பொருக்குத் தட்டும். பத்து நாளில் ஆறி விடும். மறு வருஷம் அதே இடத்தில் மறுபடியும் வரும். 'சூட்டுக் கொப்புளம்' என்று சொல்லி விட்டு விடுவார்கள்.

அது சூடு அல்ல. ஹெர்பிஸ் என்ற கிருமியின் வேலை. உலகத்தில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு இந்தக் கிருமி உடம்பில் இருக்கிறது. பெரும்பாலோருக்குச் சின்ன வயசிலேயே, வீட்டில் யாரோ அன்பாகக் கொடுத்த முத்தத்தில் வந்தது! இதில் வெட்கப்படவும் ஒன்றும் இல்லை. பயப்படவும் ஒன்றும் இல்லை. பெரியவர்களுக்கு இது தொந்தரவு, அவ்வளவுதான். வாயில் கொப்புளம் இருக்கும்போது வாய் வைத்தால் இந்தக் கிருமி மறைவிடத்துக்கும் பரவும் என்பதைத் தம்பதிகள் தெரிந்து கொள்வது நல்லது.

ஆனால் பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு அது தொந்தரவு அல்ல. ஆபத்து.

பச்சைக் குழந்தையின் உடம்பில் கிருமியை எதிர்க்கும் சக்தி முற்றி இருக்காது. கிருமி தோலோடு நிற்காமல் மூளைக்கும் ஈரலுக்கும் போய் விடலாம். இப்படி நேர்வது அபூர்வம். நேர்ந்தால் உயிருக்கே மோசம். ஆகவே உதட்டில் கொப்புளம் உள்ளவர், மாமியானாலும் சரி, பாட்டியானாலும் சரி, பிறந்த குழந்தைக்கு முத்தம் கொடுக்கக் கூடாது. மற்றவர்களும் முதல் இரண்டு மாதம் வாயில் முத்தம் கொடுக்காமல் இருப்பது நல்லது. பாதத்தைத் தொட்டுக் கொஞ்சலாம். குழந்தைக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

பாட்டியிடம் இதை யார் சொல்வது? அதுதான் கஷ்டம். மருமகள் சொன்னால் மூன்று நாள் பேச்சு வார்த்தை இருக்காது. மகன் சொல்லலாம். "எம்மா, டாக்டர் சொல்லியிருக்காரு" என்று ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது.

பிறந்த குழந்தை பால் குடிக்க மறுத்தால், துவண்டு கிடந்தால், காய்ச்சல் இருந்தால், தோலில் நீர்க் கொப்புளம் தெரிந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். மருந்து இருக்கிறது. தாமதம்தான் கூடாது.

பறங்கிப் புண்

முத்தத்தில் பரவக் கூடிய இன்னொரு நோய் சிபிலிஸ். பழைய பெயர்கள் பல. கிரந்தி என்பார்கள். பறங்கிப் புண் என்றும் சொன்னார்கள். பறங்கியர் என்றால் வெள்ளைக்காரர்.

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கினார். அதற்குப் பிந்தின நூற்றாண்டில் எழுதப்பட்ட 'பாவப்பிரகாசம்' என்ற சமஸ்கிருத வைத்திய நூல், இந்த நோய்க்கு 'பிரங்க ரோகம்' என்று பெயர் கொடுத்தது. நோய் யாரோடு வந்தது என்று ஜனங்கள் நினைத்தார்களோ, அவர்கள் பெயரையே நோய்க்கு வைத்து விட்டார்கள். ஐரோப்பாவிலும் இதே கதைதான். பிரெஞ்சுக்காரர் இதை இத்தாலிய நோய் என்றார்கள். இத்தாலியர் பிரெஞ்சு நோய் என்றார்கள். தன் வீட்டு நோய் என்று ஒருவரும் ஒப்புக் கொள்ளவில்லை!

அந்தக் காலத்துச் சிகிச்சை பயங்கரமானது. பாதரசம் கொடுப்பார்கள். வாயில் எச்சில் ஊறி வழியும். எச்சில் வழிய வழிய மருந்து வேலை செய்கிறது என்று வைத்தியர்கள் சொல்வார்கள். பல் ஆடி விழும். நோய் போகா விட்டாலும் பல் போய் விடும். 1943இல் அமெரிக்காவில் டாக்டர் ஜான் மஹோனி, பென்சிலின் ஊசியால் இது குணமாவதைக் காட்டினார். நோயின் ஆரம்பத்திலேயே வந்து விட்டால், நீண்ட நாள் வேலை செய்யும் பென்சிலின் ஒரே தடவை போட்டாலே போதும். இன்றும் அதுதான் மருந்து.

இது முத்தத்தில் பரவுமா? வாயிலோ உதட்டிலோ சிபிலிஸ் புண் இருந்தால் பரவும். 1911இல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து டாக்டர் ஷாம்பெர்க் ஒரு சம்பவத்தை எழுதினார். ஒரு விருந்து. அதில் முத்த விளையாட்டு. ஒரு வாலிபனின் உதட்டில் புண். விளையாடிய பெண்கள் பலருக்கு உதட்டில் அதே புண் வந்தது.

ஆனால் அது அபூர்வம் என்பதால்தான் டாக்டர் அதை எழுதி வைத்தார். சிபிலிஸ் பரவுவது பெரும்பாலும் உடலுறவில்தான். இந்தப் புண்ணில் ஒரு சூழ்ச்சி உண்டு. வலிக்காது. சில வாரத்தில் தானே ஆறி விடும். ஆறி விட்டது என்று விட்டால், நோய் உள்ளே போய் உட்கார்ந்து கொள்ளும். வலிக்காத புண்ணைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

வெட்டை நோயின் கிருமி தொண்டையிலும் தங்கும் என்றும், ஆழ்ந்த முத்தத்தால் அது பரவக் கூடும் என்றும் அண்மை ஆராய்ச்சிகள் சில சொல்கின்றன. ரத்தச் சோதனைக்கு அது அகப்படாது. தொண்டையில் பஞ்சு தடவிப் பார்க்க வேண்டும்.

பயத்தை விற்பவர்கள்

இத்தனை பயம் இருக்கும்போது அதை விற்பதற்கும் ஆள் வராமல் இருக்குமா?

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் லாட்ஜ் அறை. மாதத்தில் குறிப்பிட்ட தேதியில் 'பரம்பரை வைத்தியர்' வந்து இறங்குவார். சுவரில் விளம்பரம். 'ரகசிய நோய்கள் தீரும்' என்று பெரிய எழுத்து. பயந்த வாலிபர் அங்கேதான் முதலில் போகிறார். காரணம், அங்கே யாரும் பெயர் கேட்பதில்லை. வைத்தியர் நாடி பார்ப்பார். முகத்தைச் சுளிப்பார். "கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாமே தம்பி" என்பார். அந்த ஒரு வார்த்தை பல ஆயிரம் ரூபாய் பெறும். இல்லாத நோய்க்கு லேகியம் வரும். குணமானதும் நிச்சயம். இல்லாத நோய் குணமாகாமல் எங்கே போகும்?

இந்த விளம்பரங்களுக்கு இந்தியாவில் 1954இலேயே தடை வந்து விட்டது. மருந்துகள், மாயப் பரிகாரங்கள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் அது. சிபிலிஸ், வெட்டை முதலிய பால்வினை நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது குற்றம். தாயத்தும் மந்திரமும் அந்தச் சட்டத்தில் அடக்கம். எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் சுவரில் எழுத்து அழியவில்லை. சட்டம் தூங்குகிறது. லாட்ஜ் வைத்தியர் தூங்கவில்லை.

கேட்பது ஒன்று, கேட்க நினைப்பது ஒன்று

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முத்தத்தைப் பற்றிக் கேட்பவர்களில் சிலர், முத்தத்தைப் பற்றிக் கேட்பதில்லை. நடந்தது அதற்கு மேல். அதைச் சொல்ல நாக்கு வராது. ஆகவே, "முத்தத்தில் வருமா டாக்டர்?" என்று கேட்கிறார்கள். "வராது" என்ற பதிலை வாங்கிக் கொண்டு போய் விடுகிறார்கள். அந்தப் பதில் அவர்களுக்கு உரியது அல்ல. அதனால் நஷ்டம் அவர்களுக்கு மட்டும் அல்ல. வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கும் பிறக்கப் போகும் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். தவறே செய்யாத மனைவிமார் எத்தனையோ பேர் கணவனிடம் இருந்து நோயை வாங்கிக் கொண்டு, பழியையும் வாங்கிக் கொண்டிருக்கிறார்கள்.

நடந்தது முத்தம் மட்டும்தான் என்றால், எச்.ஐ.வி. சோதனை தேவையே இல்லை. வாயில் புண் இருந்தால் டாக்டரிடம் காட்டினால் போதும். நடந்தது அதற்கு மேல் என்றால், டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். 72 மணி நேரத்துக்குள் போனால் எச்.ஐ.வி. வராமல் தடுக்க மருந்து உண்டு. நாள் கடந்து விட்டால் உடனே ஒரு சோதனை, மூன்று மாதம் கழித்து ஒரு சோதனை. இரண்டிலும் இல்லை என்று வந்தால், இல்லைதான். மறுபடியும் மறுபடியும் சோதனைக்கு ஓடுவதில் அர்த்தம் இல்லை. அதற்குப் பிறகும் தூக்கம் வராவிட்டால், மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும். அந்தப் பயமும் ஒரு வியாதி. அதற்கும் சிகிச்சை உண்டு.

எங்கே போவது?

ஊரில் யாராவது பார்த்து விடுவார்கள் என்று திருவனந்தபுரத்துக்கும் மதுரைக்கும் பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. அவ்வளவு தூரம் போக வேண்டியது இல்லை. நாகர்கோவிலை அடுத்த ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் எச்.ஐ.வி. சோதனை செய்யும் இடத்துக்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர். வாசலில் அந்தப் பெயர்ப் பலகைதான் தொங்கும். சோதனைக்குக் காசு கிடையாது.

உள்ளே ஒரு மேஜை. எதிரே ஆலோசகர். முதலில் அவர் பேசுவார். என்ன நடந்தது என்று கேட்பார். யாரையும் வைய மாட்டார். சம்மதம் வாங்கிக் கொண்டுதான் ரத்தம் எடுப்பார்கள். முடிவை அவரிடமே தனியாகச் சொல்வார்கள். வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்று 2017ஆம் வருஷத்துச் சட்டம் அவர்களைக் கட்டிப் போட்டிருக்கிறது.

அங்கே போகவும் கூச்சமாக இருந்தால், 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அதற்கும் காசு இல்லை. பெயர் சொல்ல வேண்டியதும் இல்லை.